மருத்துவச்சி மீது பழி. மருந்துப் பெட்டிக்குப் பூட்டு!

"நர்சுகளுக்குப் போதிய அறிவு இல்லை." சுகாதார இலாகாவின் கூட்டங்களிலும், மருத்துவ மாநாட்டு மேடைகளிலும், ஆராய்ச்சிக் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களிலும் இந்தப் பல்லவி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய் தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்குத் தொற்றுகிறது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் ஓர் ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆனால் பிரசவம் பார்க்கும் நர்சுகளும் மருத்துவச்சிகளும் இதைச் சரியாக அறியாதிருப்பதால்தான் குழந்தைகள் தப்பவில்லை என்பது இவர்கள் சொல்லும் கதை. ஒரு கேள்வித்தாளைக் கையில் கொடுத்து, சரி தவறு என்று குறி போட்டு, மதிப்பெண்ணைக் கூட்டி, "அறிவு போதாது" என்று தீர்ப்பு எழுதி, "பயிற்சி அளிக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரியைச் சேர்த்துக் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

நாம் கேட்கிறோம்: அந்த அறிவை அவர்களுக்குக் கொடுக்க வேண்டியவர் யார்? கொடுத்த பிறகு, அதைச் செயலில் காட்டுவதற்குத் தடுப்பூசிக் குப்பியை அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டியவர் யார்? இந்த இரண்டு கேள்விகளையும் தொடாமல், பரீட்சையை மட்டும் நர்சுக்கு வைப்பது எந்த ஊர் நியாயம்?

விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் வாதம் செய்வது நமது வழக்கமல்ல. நாம் மருத்துவக் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். பள்ளி இறுதி வகுப்போடு நமது படிப்பு நின்றது. அப்படிப்பட்ட நமக்கே விளங்குகிற விஷயம் இது.

காமாலை என்றால் நம் ஜனங்கள் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்துவிடுகிறார்கள். அசுத்தத் தண்ணீரால் வருகிற காமாலை வேறு. அது ஏ, இ என்னும் கிருமிகளின் வேலை. பிறந்த இரண்டு மூன்று நாட்களில் குழந்தையின் உடம்பு மஞ்சள் பூத்து, சில நாட்களில் தானே வடிந்துவிடுகிறதே, அதுவும் வேறு. நாம் பேசுவது ரத்தத்தின் வழியாகப் பரவும் பி வகைக் கிருமியைப் பற்றி. உடலுக்கு வெளியே, உலர்ந்த ரத்தக் கறையில்கூட 7 நாட்கள் அது உயிரோடிருக்கும். தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொற்றுவது குறைவு. பிரசவ நேரத்தில், தாயின் ரத்தமும் நீரும் குழந்தையின் மீது படுகிறபோதுதான் பெரும்பாலும் தொற்றுகிறது. ஆகவே இந்த நோயைத் தடுக்கும் போர்க்களம் பெரிய டாக்டரின் அறையல்ல, பிரசவ அறைதான். அங்கே நிற்பவர் நர்சு.

வயது வந்தவருக்கு இந்தக் கிருமி தொற்றினால், 100க்கு 95 பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. பிறக்கும்போது தொற்றினாலோ, 100க்கு 90 குழந்தைகளிடம் அது ஆயுள் முழுவதும் குடியிருக்கும். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சலில்லை, காமாலையில்லை, அழுகையில்லை. நன்றாக வளரும், பள்ளிக்கூடம் போகும், வேலைக்குப் போகும். முப்பது, நாற்பது வயதில், குடும்ப பாரம் முழுவதும் தோள்மீது ஏறியிருக்கிற பருவத்தில், கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அல்லது புற்றுநோய் வரும். "குடித்தே கெட்டான்" என்று ஊரார் பேசுவார்கள். ஒரு சொட்டுச் சாராயத்தை நாவில் வைக்காதவன்கூட இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சாகிறான்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2024ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ல் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்ந்தார்கள். அவர்களில் 2 கோடியே 98 லட்சம் பேர் இந்தியர்கள். இந்த எண்ணிக்கையில் ஒரு பகுதி, பிரசவ அறையில் ஓர் ஊசி போடப்படாததால் சேர்ந்தது.

தடுக்கும் முறை என்ன? கர்ப்பிணிகள் அனைவருக்கும் ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் கிருமி மிகுதியாக இருக்கும் தாய்க்கு 28வது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் மாத்திரை. பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும், தாய்க்கு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 24 மணி நேரத்திற்குள் தொடையில் அரை மில்லி தடுப்பூசி. நோயுள்ள தாயின் குழந்தைக்கு மற்றத் தொடையில் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்மருந்து. பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசி. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். இந்த நோய்க்காக மட்டும் வயிற்றைக் கிழித்துப் பிரசவம் பார்க்க வேண்டிய அவசியமில்லை. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு முழுநாள் வகுப்புக்கூட வேண்டியதில்லை!

அறியாமை யாருக்கு?

நர்சுகளிடம் அறியாமையே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. இருக்கிறது. நோய் தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் என்பதை அறிந்தவர்களிலும் பலர் 24 மணிக் கெடுவின் கண்டிப்பை அறிந்திருக்கவில்லை. "ஆறாவது வாரம் போடும் பென்டாவேலன்ட் ஊசியிலேயே இந்த மருந்தும் இருக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆறு வாரம் கழித்துப் போடும் ஊசி, பிறந்த அன்றே உள்ளே நுழைந்துவிட்ட கிருமியை என்ன செய்யும்? கொள்ளை போன பிறகு கதவைச் சாத்துவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. பென்டாவேலன்டைப் பிறந்தவுடன் போடவும் கூடாது. ஆகவே பிறந்த அன்றைக்கென்று தனி ஊசி வேண்டும். இதை எத்தனை பயிற்சி வகுப்புகளில் விளக்கிச் சொல்லியிருக்கிறார்கள்?

அதிகாரிகள் கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் சரித்திரத்தையும் கேட்கட்டும். பாரூக் ப்ளம்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் ரத்தத்தில் கண்டெடுத்த விசித்திரப் பொருளைப் பற்றி 1965ல் வெளியிட்டார். அது இந்தக் கிருமியின் மேலுறை என்பது பின்னர் நிரூபணமாயிற்று. 1976ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1981ல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு உரிமம் வழங்கப்பட்டது. 1984ல் தைவானில் நோயுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு அதைப் போடத் துவங்கினார்கள். 1986ல் எல்லாக் குழந்தைகளுக்கும் விரித்தார்கள். அங்கே பிள்ளைகளின் கல்லீரல் புற்றுநோய் குறைந்துவிட்டதை 1997ல் உலகமே படித்தது. 1992ல் உலக சுகாதார ஸ்தாபனம், 1997க்குள் எல்லா நாடுகளும் இந்தத் தடுப்பூசியைத் தங்கள் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கூறியது.

இந்திய சர்க்கார் என்ன செய்தது? 2002-03ல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் பரீட்சார்த்தம். 2007-08ல் தமிழ்நாடு உள்ளிட்ட 10 மாநிலங்கள். நாடு முழுவதும் பரவியது 2011ல்தான். தடுப்பூசி பிறந்து முப்பது வருஷம்! அந்த முப்பது வருஷத்தில் எந்த மருத்துவச்சி குறுக்கே நின்றாள்? அறிவு டில்லியில் இருந்தது, புத்தகம் டில்லியில் இருந்தது, நிபுணர் குழுக்கள் டில்லியில் இருந்தன. ஊசி மட்டும் வரவில்லை. இந்தக் காலதாமதத்தை எந்தக் கேள்வித்தாளில் போட்டு மதிப்பெண் கொடுப்பது?

மருத்துவச்சியின் மீது பழி போடுவது புதிய வித்தையல்ல. 1840களில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். டாக்டர் வார்டில்தான் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். தங்களை அங்கே சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சிய பெண்கள் உண்டு. பிணத்தை அறுத்த கையைக் கழுவாமல் பிரசவம் பார்த்ததே காரணம் என்று செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847ல் கண்டுசொன்னபோது, பெரிய மனிதர்கள் அவரைத்தான் விரட்டினார்கள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். மேலே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குக் கீழே நிற்பவர் எல்லோரும் அறிவிலிகளாகத் தெரிவது இன்று நேற்றுப் பிடித்த நோயல்ல.

சாவி எங்கே?

தென் மாவட்டம் ஒன்றில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். இரவுப் பணியில் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்சு. அவரோடு நாம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது இது:

"எங்களுக்குத் தெரியாமல் இல்லை சார். சனிக்கிழமை ராத்திரி பிரசவம் ஆகுது. தடுப்பூசி வைக்கிற ஐ.எல்.ஆர். பெட்டி இருக்கிற ரூம் பூட்டியிருக்கு. சாவி வச்சிருக்கிறவங்க திங்கட்கிழமைதான் வருவாங்க. போன் போட்டால், 'ஒரு குழந்தைக்காகப் பத்து டோஸ் குப்பியை உடைப்பீங்களா? வேஸ்டேஜ் யார் எழுதுறது?'ன்னு கேட்கிறாங்க. புதன்கிழமை தடுப்பூசி நாள்தானே, அன்னைக்குப் போட்டுக்கலாம்னு சொல்லிடுறாங்க."

சனிக்கிழமை இரவிலிருந்து புதன்கிழமை காலை எத்தனை மணி நேரம் என்று வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். எல்லா நிலையங்களிலும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. பிரசவ அறை வாசலிலேயே ஊசியைத் தயாராக வைத்து, பிறந்த ஒரு மணி நேரத்தில் போட்டுவிடுகிற நிலையங்களும் இருக்கின்றன. அங்கேயும் நர்சுதான், இங்கேயும் நர்சுதான். வித்தியாசம் அறிவில் இல்லை, சாவியில் இருக்கிறது.

அந்த "வேஸ்டேஜ்" பூச்சாண்டியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குப் பெரும்பாலும் பத்து டோஸ் குப்பியாக வருகிறது. அதே அறையில் இருக்கும் பி.சி.ஜி. குப்பியைக் கரைத்துத் திறந்துவிட்டால் 4 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். ஆனால் ஹெபடைடிஸ் பி குப்பி அப்படியல்ல. திறந்த தேதியைக் குறித்து, சுத்தமாகக் கையாண்டு, சரியான குளிரில் வைத்தால், 28 நாட்கள் வரை மற்றக் குழந்தைகளுக்கும் போடலாம். இது சர்க்காரின் சொந்த உத்தரவு! அந்த உத்தரவு கடைசி நர்சின் கைக்கு வந்து சேரவில்லை; ஆனால் வீணாக்கினால் விளக்கம் கேட்கும் மெமோ மட்டும் தவறாமல் வந்து சேருகிறது. ஒரு குப்பி மருந்துக்குக் கணக்குக் கேட்பவர்கள், ஊசி கிடைக்காமல் போன குழந்தைக்குக் கணக்குக் கேட்கிறார்களா? கேட்பதில்லை. ஏனெனில் அந்தக் குழந்தை செத்தால் முப்பது வருஷம் கழித்துச் சாகும். அதற்குள் அதிகாரி பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார்.

இன்னொரு விஷயம். தடுப்பூசி என்றாலே உறையும் அளவுக்குக் குளிர் வேண்டும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இந்த மருந்துக்குக் குளிரின் மிகுதிதான் பெரிய விரோதி. 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் சக்தி போயிற்று. உறைந்து உருகிய குப்பியைக் குலுக்கி வைத்துப் பார்த்தால், நல்ல குப்பியைவிடச் சீக்கிரம் அடியில் வண்டல் இறங்கும். பார்வைக்கு ஊசி போட்டாயிற்று, பதிவேட்டிலும் ஏறிவிட்டது, பலன் மட்டும் இல்லை! ஐஸ் பெட்டியின் ஓரத்தில் ஒட்டி வைக்காதே என்று ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தால் தீருகிற காரியம் இது.

நர்சின் நாட்பொழுது யாருக்குப் போகிறது?

கிராம சுகாதார நர்சின் வேலையை உடனிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். விதிப்படி 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலைப் பகுதியில் 3,000 பேருக்கு. கர்ப்பிணியைக் கண்டுபிடி, பிக்மி எண் வாங்கு, ரத்தம் எடுக்க அனுப்பு, தடுப்பூசி போடு, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் சேர், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு கேள், டெங்குக் கொசுவுக்கு வீடு வீடாகப் போ, பிறகு எல்லாவற்றையும் பதிவேட்டில் ஒரு தரமும் கம்ப்யூட்டரில் ஒரு தரமும் ஏற்று. 1973ல் கர்த்தார் சிங் கமிட்டி, துணைச் செவிலியர் மருத்துவச்சிகளைப் "பல்நோக்கு ஊழியர்" ஆக்கும்படி சிபாரிசு செய்தது. பல நோக்குகள் சேர்ந்தன. பிரசவம் என்ற நோக்கம் தேய்ந்தது. மருத்துவச்சி என்ற சொல் பட்டத்தில் மட்டும் மிஞ்சியது. பிறகு 2018 டிசம்பரில் டில்லி சர்க்கார் திடீரென்று விழித்துக்கொண்டு, தேர்ந்த மருத்துவச்சிகளைத் தனியாகப் பயிற்றுவிக்கப் போவதாக ஒரு வழிகாட்டி நெறியை வெளியிட்டது. நாற்பத்தைந்து வருஷம் கழித்து வந்த ஞானோதயம்! நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் ஏற்கெனவே இருக்கிற மருத்துவச்சியை எழுத்தராக்கிவிட்டு, மருத்துவச்சி இல்லையே என்று புலம்புவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சம்பளக் கதையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான ஒப்பந்த நர்சுகள் இரவும் பகலும் உட்கார்ந்தார்களே, அப்போது அவர்கள் வாங்கிய மாதச் சம்பளம் 7,700 ரூபாய். தேர்வு எழுதித் தேறி வந்தவர்கள் அவர்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற வாக்குறுதி காற்றில் பறந்தது. கொரோனாக் காலத்தில் கைதட்டி விளக்கேற்றி வேலைக்கு எடுத்த நர்சுகளின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ந் தேதியோடு முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் எந்த ஊரில் இருப்போம், வேலையில் இருப்போமா என்றே தெரியாத ஒருத்திக்கு எந்தப் பயிற்சி நிலைக்கும்? பயிற்சி பெற்றவளை அனுப்பிவிட்டுப் பயிற்சி இல்லாதவளைக் கொண்டுவந்து, "அறிவு போதாது" என்று ஆராய்ச்சி செய்வது நல்ல வேடிக்கை.

பிரசவம் பார்க்கிற நர்சுக்கும் இந்தக் கிருமி தொற்றும். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி தவறிக் கையில் குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு மூன்றில் ஒரு பங்குவரை ஆபத்து உண்டு. தனியார் நர்சிங் ஹோம்களில் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கும் பெண்களில் எத்தனை பேர் மூன்று டோஸ் தடுப்பூசி முழுவதும் போட்டுக்கொண்டவர்கள்? முதலாளி கேட்டதுண்டா? தன் உயிருக்குக் காவல் இல்லாதவள் நோயுள்ள தாயைக் கண்டு ஒதுங்கினால், அதற்கு "மனப்பான்மைக் குறைபாடு" என்று பெயர் சூட்டுகிறார்கள். அவளுக்கு வேண்டியது உபதேசமல்ல. ஊசி, கையுறை, வெட்டுப்பட்டால் உடனே சிகிச்சை.

லாபத்தின் கணக்கு

தனியார் ஆஸ்பத்திரிகளில் வேறொரு கூத்து. பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தால், "இங்கே பார்க்க முடியாது" என்று கடைசி மாதத்தில் கை விரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அல்லது "தொற்று நோய்" என்று தனிக் கட்டணம், அவசியமில்லாத ஆபரேஷன். எதிர்மருந்து ஊசிக்கு ஆயிரக்கணக்கான ரூபாய் என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். கூலிக்காரன் நகையை அடகு வைக்க ஓடுகிறான். அவன் வரும்வரை தடுப்பூசியையும் நிறுத்தி வைப்பவர்கள் உண்டு! எதிர்மருந்து கிடைத்தால் மிகவும் நல்லது. கிடைக்கவில்லை என்பதற்காகத் தடுப்பூசியை ஒரு நிமிஷமும் தள்ளிப்போடக் கூடாது. நேரத்தில் போட்ட தடுப்பூசி மட்டுமே பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடும். 2018 ஜூலையில் துவங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி பரிசோதனையும் எதிர்மருந்தும் சிகிச்சையும் இலவசம். இதைத் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டிய வாய்கள் ஏன் மூடிக் கிடக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கீழாநெல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் பாட்டி காலத்து வைத்தியம். அதை ஏளனம் செய்ய நாம் வரவில்லை. சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர் அதை வைத்து ஆராய்ச்சி நடத்தி, 1988ல் லான்செட் பத்திரிகையில் நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டதும் உண்மை. ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படியிருந்தாலும், தாய் கீழாநெல்லி அரைத்துக் குடித்தாள் என்பதால் குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று யாராவது சொன்னால், அவர் சொல்லைக் கேட்கக் கூடாது.

மருந்து விலையின் கதை இன்னும் ருசிகரமானது. ஆரம்பத்தில் இந்தத் தடுப்பூசி வெளிநாட்டுக் கம்பெனிகளிடமிருந்து வந்தது; ஓர் ஊசிக்கு நூற்றுக்கணக்கான ரூபாய். பணக்கார வீட்டுக் குழந்தைக்குத்தான் அது எட்டியது. 1997ல் ஹைதராபாத்தில் வரப்பிரசாத் ரெட்டியின் சாந்தா பயோடெக்னிக்ஸ் அதே மருந்தை மிகக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்ததும், பகாசுரக் கம்பெனிகளின் விலை சரிந்தது. ரெட்டியும் முதலாளிதான், ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு என்ன ஆயிற்று? 2009ல் பிரெஞ்சுக் கம்பெனியான சனோஃபி அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது.

பொதுத்துறை என்ன ஆயிற்று? 2008 ஜனவரியில் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட், கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்றின் உற்பத்தி உரிமத்தையும் டில்லி சர்க்கார் நிறுத்திவைத்தது. கண்டனம் பலமாக எழுந்த பிறகு 2010ல்தான் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. செங்கல்பட்டில் 594 கோடி ரூபாய்த் திட்டமாக 2012ல் அனுமதிக்கப்பட்ட தடுப்பூசி வளாகம், ஹெபடைடிஸ் பி உள்ளிட்ட மருந்துகளைத் தயாரிக்கும் என்றார்கள். 2021 மே மாதத்தில், கொரோனாவில் நாடு தடுப்பூசிக்குத் தவித்தபோது, அந்த வளாகம் உற்பத்தியில்லாமல் கிடந்தது. மாநில முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்து, அதை மாநிலத்திடம் ஒப்படைக்கும்படி பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

முடியாத காரியமா?

இந்தோனேசியாவைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான தீவுகள், மின்சாரமில்லாத கிராமங்கள், வீட்டிலேயே பிரசவம். 1989லிருந்து அங்கே கிராமத்துக்கொரு மருத்துவச்சியை நியமிக்கத் துவங்கினார்கள். 2000த்தை ஒட்டிய வருஷங்களில் அவர்கள் கையில் ஒரே டோஸ் முன்கூட்டியே நிரப்பிய ஊசியைக் கொடுத்தார்கள். குப்பியை உடைக்கும் பயமில்லை, வீணாகும் பேச்சில்லை. இந்த மருந்து சூட்டை ஓரளவு தாங்கும் என்பதால், ஒரு மாதம்வரை ஐஸ் பெட்டியில்லாமலே மருத்துவச்சி தன் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பிரசவத்துக்கு அழைப்பு வந்தால் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு போவாள். ஊசியில் மருந்தை நிரப்பியது பாண்டுங் நகரத்தில் உள்ள பயோ ஃபார்மா, அந்நாட்டு சர்க்காரின் சொந்தக் கம்பெனி. அந்த மருத்துவச்சி நம் ஊர் நர்சைவிட அதிகம் படித்தவளா? இல்லை. அவளிடம் மருந்தைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சீனாவில் "பிரசவம் பார்ப்பவரே தடுப்பூசி போட வேண்டும்" என்பது விதி. பிரசவ அறை வேறு, தடுப்பூசிப் பிரிவு வேறு, இதற்கு ஒரு அதிகாரி அதற்கு ஒரு அதிகாரி என்ற தகராறுக்கு இடமே இல்லை. அங்கேயும் துவக்கத்தில் ஊசிக்குப் பெற்றோரிடம் பணம் வாங்கினார்கள். வசதியில்லாத கிராமத்துக் குழந்தைகள் விடுபட்டார்கள். 2005ல் கட்டணத்தை முழுவதும் நீக்கினார்கள். 1992ல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 9 பேருக்கு மேல் இருந்த கிருமி, 2006ல் 100க்கு 1 ஆகவும், 2014ல் 300 பேருக்கு 1 என்ற அளவிலும் இறங்கியது.

ஆகவே "பயிற்சி" என்ற ஒற்றை வார்த்தையைச் சொல்லி நழுவ விட முடியாது. பயிற்சி வேண்டும், தமிழில், பிரசவ அறையிலேயே, சம்பளத்தோடு கூடிய வேலை நேரத்தில் வேண்டும். அதோடு, பிரசவம் நடக்கிற ஒவ்வோர் இடத்திலும் இரவும் பகலும் பணியிலிருக்கும் நர்சின் பொறுப்பில் தடுப்பூசி இருக்க வேண்டும். குப்பியைத் திறந்ததற்காக எந்த நர்சிடமும் விளக்கம் கேட்கக் கூடாது. ஒப்பந்த நர்சுகளை நிரந்தரமாக்க வேண்டும். சர்க்கார், தனியார் என்ற பேதமின்றி, ஆயா முதல் துப்புரவுத் தொழிலாளி வரை பிரசவ அறையில் கால் வைக்கும் அனைவருக்கும் இலவசத் தடுப்பூசி போட வேண்டும்.

ஜூலை 28, ப்ளம்பர்க்கின் பிறந்த நாள்; உலக ஹெபடைடிஸ் தினம். வழக்கம்போல் ஊர்வலம், பதாகை, உறுதிமொழி எல்லாம் நடக்கும். அன்று மேடையேறுகிற அதிகாரிகளிடம் நர்சுகள் சங்கத்தினர் மூன்றே மூன்று விவரங்களை எழுத்து மூலம் கேட்கட்டும்: சென்ற வருஷம் உங்கள் மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் பிறந்த குழந்தைகள் எத்தனை? அவர்களில் 24 மணி நேரத்திற்குள் ஊசி போடப்பட்டவர்கள் எத்தனை? மற்றக் குழந்தைகள் பிறந்த அந்த இரவுகளில், பெட்டிச் சாவி யாருடைய வீட்டில் இருந்தது?